டிஸ்க் பிரேக் கேட்டு வந்த மொரிஸ் மைனர்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

மட்டக்களப்பில் உள்ள எங்கள் கராஜுக்கு வந்த 1959ஆம் ஆண்டு மொரிஸ் மைனர் 1000 ஒன்றைப் பற்றியது இந்தக் குறிப்பு. 948 சிசி எஞ்சின், பழைய ஸ்ரீ எழுத்து நம்பர் தகடு, நாலு சில்லிலும் டிரம் பிரேக் (சில்லோடு சுழலும் டிரம்மை உள்ளிருந்து 'சூ' எனும் இரண்டு வளைந்த கட்டைகள் அழுத்திப் பிடிப்பது). உரிமையாளர் கல்லடிக்காரர், ஐம்பது வயது கடந்தவர். அவருடைய தகப்பனார் எழுபதுகளில் பாவித்த காராக வாங்கியது. யுத்த காலத்தில் பல வருடம் உறவினர் வீட்டுக் கொட்டிலில் கட்டைமேல் நின்றது. 2009க்குப் பிறகு திரும்ப ஓட்டத்துக்கு வந்தது. இப்போது கல்யாண ஹயர்தான் அதற்கு முக்கிய வேலை. மாப்பிள்ளை பொம்பிளையைக் கோயிலிலிருந்து மண்டபத்துக்கும் மண்டபத்திலிருந்து வீட்டுக்கும் கொண்டுபோகும். எழுவான்கரை, அதாவது வாவிக்குக் கிழக்கே கடல் பக்கம், முழுவதும் சமதரை. வேகமும் நாற்பதைத் தாண்டாது. இப்படி ஓடும் காரில் பிரேக் எவ்வளவு கெட்டுப்போனாலும் ஓட்டுபவருக்குச் சீக்கிரம் தெரியாது.

மைனரின் பிரேக் அமைப்பைக் கொஞ்சம் சொன்னால்தான் பின்னால் வருவது விளங்கும். முன் சில்லு ஒவ்வொன்றிலும் சூக்களைத் தள்ளும் வீல் சிலிண்டர் இரண்டு உண்டு. கார் முன்னோக்கி ஓடும்போது டிரம் சுழலும் வேகமே இரண்டு சூவையும் இன்னும் இறுக்கிப் பிடிக்க வைக்கும். அதனால்தான் கால் அழுத்தத்தைக் கூட்டிக்கொடுக்கும் பூஸ்டர் இல்லாமலே அந்தக் காரைச் சாதாரணக் கால் அழுத்தத்தில் நிறுத்த முடிகிறது. பின்னுக்கு எடுக்கும்போது அந்த உதவி கிடையாது; சரிவில் ரிவர்ஸ் எடுத்தவர்களுக்கு இது தெரியும். பெடல் மிதியை ஒயில் அழுத்தமாக்கிச் சில்லுகளுக்கு அனுப்பும் மாஸ்டர் சிலிண்டர் இருப்பது சாரதியின் காலடியில், தரைத் தகட்டுக்குக் கீழே, சட்டத்துக்குள். பிரேக் ஒயில் பார்க்க வேண்டுமென்றால் கார்ப்பெட்டைத் தூக்கி மூடியைக் கழற்ற வேண்டும். பொனற்றைத் திறந்தால் கண்ணில் படாத இடம் என்பதால் பலர் அதை மறந்தே போகிறார்கள். இன்னொன்று, முழுவதும் ஒரே சுற்று. ஒரு பைப் போனால் நாலு சில்லும் போச்சு.

சம்பவம்

பதுளையில் ஒரு விசேஷத்துக்குப் போய்விட்டுக் குடும்பம் செங்கலடி வீதியால் திரும்பி வந்துகொண்டிருந்தது. காரில் ஐந்து பேர், பின்னால் பைகள். லுணுகலை தாண்டி பிபிலைப் பக்கம் இறங்கும்போது, பிரேக் பிடிக்கப் பிடிக்கக் கார் இடது பக்கம் இழுக்கத் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் எரிந்த வாசம். அதற்குப் பிறகு பெடல் பஞ்சு போலாகி அடிவரை இறங்கிவிட்டது. உரிமையாளர் பதறாமல் இரண்டாம் கியருக்குக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, வீதியோர மண்மேட்டில் ஒரு பக்கத்தைச் சாய்த்து நிறுத்தினார். யாருக்கும் காயமில்லை. சில்லுகளை ஆறவிட்டு அரை மணி நேரம் கழித்துப் பார்த்தபோது பெடல் மறுபடி மேலே வந்திருந்தது. மெதுவாக வீடு வந்து சேர்ந்தார்கள்.

வீட்டில் அன்றே முடிவாகிவிட்டது: டிரம் வேண்டாம், டிஸ்க் (சுழலும் தட்டை இரு பக்கமும் இறுக்கிப் பிடிக்கும் பிரேக்) பூட்ட வேண்டும். மகன் கொழும்பில் ஒருவரிடமிருந்து முன் சில்லுகளுக்கான டிஸ்க் செட் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தார். காரும் அந்தப் பெட்டியும் ஒன்றாகத்தான் எங்களிடம் வந்தன.

"தம்பி, இந்த டிரம்மைக் கழற்றி எறிஞ்சிட்டு இதைப் பூட்டித் தாங்க" என்றார்.

"பூட்டலாம் அண்ணன். ஆனா டிரம் ஏன் விட்டுதெண்டு முதல்ல பார்ப்பம்" என்றோம். பெடல் ஆறியதும் திரும்பி வந்தது என்று அவர் சொன்ன அந்த ஒரு விஷயம்தான் எங்களை நிறுத்தியது.

சூடேறிய டிரம் விரிந்து லைனிங்கை (சூவின் மேல் ஒட்டிய உராய்வுப் படையை) விட்டு விலகும். அப்போது பெடல் கூடுதலாக இறங்கும், ஆனால் இறங்கிய இடத்தில் கெட்டியாக நிற்கும், கார்தான் நிற்காது. பஞ்சுபோல அடிவரை போய், ஆறியதும் திரும்பி வருவது வேறு குறி. அது ஒயில் கொதித்து ஆவியானதைக் காட்டுகிறது. திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். பெடல் மிதிப்பதெல்லாம் அந்த ஆவியை அமுக்குவதிலேயே முடிந்துவிடுகிறது. ஒயில் கொதித்திருந்தால் டிஸ்க் பூட்டியிருந்தாலும் அதே இறக்கத்தில் அதே கதைதான்.

கண்டவை

கழற்றுவதற்கு முன் கடற்கரைப் பக்கம் ஆள் நடமாட்டம் குறைந்த நேரான தார் வீதியில் ஓட்டிப் பார்த்தோம். ஸ்பீடோ மீட்டர் மைலில் காட்டும். 25 மைலில், அதாவது ஏறத்தாழ 40 கி.மீ. வேகத்தில், முழுப் பிரேக். கார் நிற்க 18 மீற்றர் எடுத்தது, அதுவும் இடதுபுறம் சரிந்தபடி. நல்ல டயரும் காய்ந்த தாரும் இருந்தால் இந்தக் கார் 11, 12 மீற்றருக்குள் நிற்க வேண்டும்.

திரும்பி வந்து ஜாக் போட்டுத் தூக்கினால், பெடலில் கால் இல்லாதபோதும் இடது முன் சில்லு கையால் சுற்ற முடியாதபடி இறுகி இருந்தது. அந்தச் சில்லின் பிளீட் நிப்பிளை (எயார் வெளியேற்றும் திருகை) தளர்த்தியதும் கொஞ்சம் ஒயில் பீச்சியது, சில்லு விட்டது. அழுத்தம் உள்ளே மாட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஆனால் எங்கே? மறுபடி பெடலை மிதித்து இறுக்கிவிட்டு, இந்தமுறை சில்லுக்குப் போகும் ரப்பர் ஹோஸுக்கு மேலே, இரும்புப் பைப் வந்து சேரும் இடத்தைத் தளர்த்தினோம். சில்லு விடவில்லை. ஆகவே மாஸ்டர் சிலிண்டரில் பிழை இல்லை, ஹோஸில்தான். வெளியே பார்க்க அந்த ஹோஸ் கறுப்பாக, வெடிப்பில்லாமல் நன்றாகவே இருந்தது. அறுத்துப் பார்த்தபோது உள்ரப்பர் வீங்கி வழியை ஏறத்தாழ மூடியிருந்தது. மிதிக்கும்போது அழுத்தத்தில் ஒயில் உள்ளே போகிறது. காலை எடுத்தால் திரும்பி வர வழியில்லை.

வலது முன் சில்லில் கதை நேர்மாறு. ஒரு சிலிண்டரின் பிஸ்டன் துருப்பிடித்து அசையவே இல்லை. மற்றது ஒழுகி லைனிங்கை நனைத்திருந்தது. ஆக, முன் பிரேக் வேலை முழுவதையும் இடது சில்லு தனியாகச் செய்துகொண்டிருந்தது, அதுவும் ஓயாமல் உரசியபடி. அந்த டிரம்மின் உட்பக்கம் நீலம் பாய்ந்து, மயிரிழை வெடிப்புகள் விட்டிருந்தன. இடது பக்கம் இழுத்ததற்கும் எரிந்த வாசத்துக்கும் இதுதான் காரணம்.

பின்பக்கமும் நன்றாக இல்லை. மைனரின் பின் வீல் சிலிண்டர் பேக் பிளேட்டில் (சூக்களைத் தாங்கும் தகட்டில்) உள்ள துவாரத்துக்குள் முன்னும் பின்னும் நகர வேண்டும். அப்போதுதான் இரண்டு சூவும் வேலை செய்யும். இடது பின்பக்கத்தில் அது துருவில் ஒட்டிப்போயிருந்தது. வலது பின்பக்கம் அச்சு ஒயில் சீல் ஒழுகி லைனிங் எண்ணெயில் ஊறிக் கிடந்தது. கடலுக்கும் வாவிக்கும் நடுவில் வாழும் கார்களில் இந்தத் துரு எங்களுக்குப் புதிதல்ல. கல்லடி, நாவற்குடா, காத்தான்குடிப் பக்கத்து வாகனங்களுக்கு உப்புக்காற்று ஓய்வே கொடுப்பதில்லை.

ஒயில் தேத்தண்ணி நிறத்தில் இருந்தது. கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று கேட்டால், குறையும்போது ஊற்றுவோம் என்றுதான் பதில். பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டொட் என்பது ஒயிலின் தரவகை. டொட் 4 ஒயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தரம். ஈரம் ஏறியபின் அந்த அளவு 155 பாகை. டொட் 3 என்றால் 205, ஈரத்தோடு 140. எங்கள் சோதனைக் கருவி நீர் அளவைச் சிவப்பில் காட்டியது. ஓயாமல் உரசிக் காய்ந்த சில்லுக்குப் பக்கத்தில், நீரேறிய ஒயில், நீண்ட இறக்கம், ஐந்து பேர் பாரம். பிபிலை இறக்கத்தில் நடந்ததற்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

ஒரு எச்சரிக்கையை இங்கேயே சொல்ல வேண்டும். இந்த வயதுக் கார்களின் பழைய லைனிங்கில் கல்நார், அதாவது அஸ்பெஸ்டஸ் இருக்கக்கூடும். டிரம்மைக் கழற்றியதும் காற்று பீச்சும் எயார் கன்னால் ஊதித் தூசியைப் பறக்கவிடுவது நம் கராஜ்களில் தினமும் நடக்கிறது. அந்தத் தூசி நுரையீரலுக்குள் போனால் பல வருடம் கழித்து உயிரைக் கேட்கும். சவர்க்காரத் தண்ணீர் தெளித்து, ஈரத்துணியால் துடைத்து, துணியை உறையில் கட்டி எறியுங்கள். முகக்கவசம் போடுங்கள். வேலை பழகும் பிள்ளைகளை அந்த நேரம் பக்கத்தில் நிற்க விடாதீர்கள்.

பெட்டிக்குள் இருந்தது

டிஸ்க் செட்டைப் பரிசோதித்தோம். கலிப்பர்கள், அதாவது டிஸ்க்கைக் கவ்வும் பாகங்கள், ஒரு ஜப்பான் காரிலிருந்து கழற்றியவை. அவற்றைப் பிடிக்கும் பிராக்கெட் தடித்த தகட்டைக் காஸ் வைத்து வெட்டிச் செய்தது. போல்ட் துவாரங்கள் நீள்வட்டமாகிக் கிடந்தன. போல்ட்களின் தலையில் பலத்தைக் காட்டும் குறியே இல்லை. பிரேக் பிடிக்கும் ஒவ்வொரு முறையும் முன் பிரேக்கின் விசை முழுவதையும் தாங்கப் போவது இந்த நாலு போல்ட்தான்.

அதைவிட ஆபத்தானது மறை, அதாவது திருகுப் புரி. மைனரின் பிரேக் பைப் இணைப்புகள் 3/8 அங்குல யூ.என்.எஃப் மறை. ஜப்பான் கலிப்பரில் எம் 10 மறை. இரண்டும் அளவில் மிகக் கிட்ட. அங்குல இணைப்பை மெற்றிக் துவாரத்தில் வைத்தால் கையால் சுற்ற உள்ளே போகும், ஸ்பானர் வைத்தால் இறுகியதுபோலவும் இருக்கும். ஆனால் பிடிமானம் கிடையாது. அவசரத்தில் ஒருநாள் முழுப் பலத்தோடு மிதிக்கும்போது பிடுங்கிக்கொண்டு வரும். ஒரே சுற்றுக் காரில் அதற்குப் பிறகு எஞ்சுவது ஹேண்ட் பிரேக் மட்டும்.

மூன்றாவது சிக்கல் மாஸ்டர் சிலிண்டரில். டிரம்முக்கென்று செய்த மைனர் மாஸ்டர் சிலிண்டரின் முனையில் ஒரு சிறு வால்வு இருக்கிறது. அது குழாய்களில் எப்போதும் கொஞ்சம் அழுத்தத்தை வைத்திருக்கும். டிரம்மில் சூக்களை இழுக்கும் ஸ்பிரிங் பலமானது என்பதால் அந்த அழுத்தம் பாதிக்காது. டிஸ்க்கில் அப்படி ஸ்பிரிங் இல்லை, கலிப்பருக்குள் உள்ள பாட் (உராய்வுக் கட்டை) டிஸ்க்கை விடாமல் உரசிக்கொண்டே இருக்கும். சரி, வால்வை எடுத்துவிடலாம் என்றால், மாஸ்டர் சிலிண்டர் தரைக்கு அடியில், கலிப்பரைவிடத் தாழ்வாக இருக்கிறது. கார் நிற்கும்போது ஒயில் கலிப்பரிலிருந்து கீழே இறங்கி, முதல் மிதியில் பெடல் வெறுமையாகப் போகும். இதற்கென்றே 2 பிஎஸ்ஐ அளவில் மிகக் குறைந்த அழுத்தத்தைப் பிடித்துவைக்கும் தனி வால்வு உண்டு. பெட்டிக்குள் அது இல்லை. பூஸ்டரும் இல்லை. டிஸ்க்குக்கு டிரம்மைப்போல் தன்னைத்தானே இறுக்கும் குணம் கிடையாது. ஆகவே பூஸ்டர் இல்லாமல் பெடல் கல்லாகத்தான் இருக்கும்.

முடிவும் காரணமும்

தகப்பனையும் மகனையும் உட்காரவைத்து, அறுத்த ஹோஸையும் நீலம் பாய்ந்த டிரம்மையும் கையில் கொடுத்துப் பேசினோம். மூன்று வழிகள் இருந்தன. கொண்டுவந்த செட்டைப் பூட்டுவது ஒன்று. அதை எங்கள் கராஜ் செய்யாது என்று நேராகவே சொன்னோம். இருக்கும் 7 அங்குல முன் டிரம்களைப் புதிதாக்குவது இரண்டாவது. மூன்றாவது, 1962இல் 1098 சிசி எஞ்சினோடு வந்த பிந்திய மைனர்களின் 8 அங்குல முன் பிரேக்கைப் பூட்டி, மற்ற எல்லாவற்றையும் புதிதாக்குவது. அது தொழிற்சாலையே செய்த மேம்படுத்தல். பேக் பிளேட் பழைய இடத்திலேயே பொருந்தும், அதே மாஸ்டர் சிலிண்டரோடு வேலை செய்யும், மறையும் அதே மறை. இலங்கையில் மைனர்கள் நிறைய ஓடியதால் கழித்துவிட்ட கார்களிலிருந்து பாகம் எடுக்கவும் முடியும்.

மூன்றாவதைத்தான் தெரிந்தெடுத்தார்கள். மகனுக்கு முழுத் திருப்தி இல்லை. கல்யாணத்துக்குக் கார் கேட்பவர்கள் டிஸ்க் என்றால் நம்புவார்கள் என்றார். டிரம்மைவிட டிஸ்க் நல்லது என்பதை நாங்களும் மறுக்கவில்லை. சூட்டைச் சீக்கிரம் வெளியே விடும், தண்ணீரில் நனைந்தாலும் உடனே பிடிக்கும். ஆனால் இந்தக் கார் மலையில் விட்டுப்போனது டிரம் என்பதற்காக அல்ல.

ஒயில் விஷயத்திலும் ஒரு விவாதம் நடந்தது. ஈரம் உறிஞ்சாத சிலிக்கோன் ஒயில், டொட் 5, கடலோரத்துக்கு நல்லதுதானே என்று மகன் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் அது மற்ற ஒயில்களோடு கலக்காது. வழியில் ஏதோவொரு கடையில் யாரோ டொட் 3 போத்தலை ஊற்றிவிட்டால் அமைப்பே குழம்பும். எங்கும் கிடைக்கும் டொட் 4 போட்டு, வருடம் ஒருமுறை மாரி முடிந்ததும் முழுவதும் மாற்றுவது என்று தீர்மானித்தோம். உலகில் பொதுவாகச் சொல்வது இரண்டு வருடம். நம் காற்றுக்கு ஒரு வருடமே சரி என்பது எங்கள் அபிப்பிராயம்.

செய்த வேலை

8 அங்குல பேக் பிளேட்டும் டிரம்மும் ஒரு கழித்த 1098இலிருந்து கிடைத்தன. டிரம்களை லேத்தில் பிடித்து வட்டம் பார்த்து மெல்லச் சீவினோம். வீல் சிலிண்டர்கள் கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் புதிதாகவே கிடைத்தன. 2022இல் ரூபா விழுந்த பிறகு விலைகள் ஏறியது ஏறியதுதான், ஆனால் பழைய சிலிண்டருக்குக் கப் ரப்பர் மட்டும் மாற்றிச் சமாளிக்க நாங்கள் சம்மதிக்கவில்லை. துருக்குழி விழுந்த சிலிண்டரில் புது ரப்பர் சில மாதமும் நிற்காது. ஹோஸ் மூன்றும் புதிது. வாங்கும்போது அதில் அச்சிட்ட உற்பத்தித் திகதியைப் பார்த்தே வாங்கினோம். கடைச் சுவரில் பல வருடம் தொங்கிய ரப்பர், பூட்டாமலே பழசுதான்.

இரும்புப் பைப்புகள் எல்லாவற்றையும் கழற்றிச் செம்பு-நிக்கல் பைப் போட்டோம். அது துருப்பிடிக்காது. ஒரே சுற்றுக் காரில் பைப்பில் காசு மிச்சம் பிடிக்கக் கூடாது. மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றுவதுதான் நேரம் தின்றது. முன் சில்லுக்கு ஸ்பிரிங்காக வேலை செய்யும் டோர்ஷன் பார் என்ற கம்பி, போல்ட்டின் வழியை மறித்துக்கொண்டு நிற்கும். அதைத் தளர்த்தி இறக்காமல் போல்ட் வெளியே வராது. திரும்பப் பூட்டும்போது போல்ட்களை மறுபக்கத்தால் விட்டோம். அடுத்தமுறை கழற்றுபவருக்கு அந்தக் கஷ்டம் இருக்காது. பின் அச்சு ஒயில் சீல் மாறியது, பின் சிலிண்டர்கள் நகரும் துவாரம் சுத்தமானது, இரண்டு ஹேண்ட் பிரேக் கேபிளும் புதிதாகின.

அப்புறம் தூரத்துச் சில்லிலிருந்து தொடங்கிப் பைப்புகளுக்குள் மாட்டிய எயாரை வெளியே எடுத்து, சூக்களை அளவாக்கி, அதே வீதியில் அதே 25 மைலில் பார்த்தோம். முதல் ஓட்டங்களில் இலேசாக இடது பக்கம் சாய்ந்தது. புது லைனிங் டிரம்மோடு முழுதாகப் படியும்வரை அது இருக்கும் என்று சொல்லி, கடும் பிரேக் பிடிக்காமல் ஓடச் சொன்னோம். சில நூறு கிலோமீற்றர் ஓடி வந்தபின் மறுபடி அளந்தபோது நேராக, 11 மீற்றரில் நின்றது.

அதன் பிறகு

இரண்டு விஷயம் எழுந்தது. ஒன்று, சில வாரம் கழித்து நாலு சில்லும் சூடாகின்றன என்று கார் திரும்பி வந்தது. எல்லாம் ஒன்றாக உரசினால் முதலில் பெடலைப் பார்க்க வேண்டும். கல்யாண சீசனுக்கென்று உரிமையாளர் தடித்த சிவப்புக் கார்ப்பெட் புதிதாக விரித்திருந்தார். மைனரின் பெடல் தரையைத் துளைத்துக்கொண்டு வருவது. கார்ப்பெட்டின் ஓரம் அதன் காலில் முட்டி, பெடல் கடைசி மில்லிமீற்றர்கள் திரும்பி வரவிடாமல் பிடித்திருந்தது. பெடல் தள்ளும் கம்பியான புஷ் ரொட்டுக்கும் பிஸ்டனுக்கும் இடையில் சிறு இடைவெளி இல்லையென்றால் மாஸ்டர் சிலிண்டருக்குள் ஒயில் திரும்பும் நுண்துளை மூடியே இருக்கும். சூடேறி விரியும் ஒயில் போக வழியின்றிப் பிரேக்கைத் தானாகவே பிடிக்கும். கார்ப்பெட்டைச் சுற்றி வெட்டியதும் சரியாயிற்று.

மற்றது மாரியில். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது வீதியில் தேங்கிய வெள்ளத்துக்குள்ளால் ஓட்டியிருக்கிறார். வெளியே வந்து மிதித்தால் பிடிமானம் குறைவு. டிரம்முக்குள் தண்ணீர். இது திருத்தக்கூடிய பழுதல்ல, டிரம்மின் இயல்பு. வெள்ளம் தாண்டியதும் மெதுவாக ஓட்டியபடி பெடலை இலேசாக அழுத்தி உலர்த்திவிட்டுத்தான் வேகம் எடுக்க வேண்டும் என்று காட்டிக்கொடுத்தோம். டிஸ்க் போட்டிருந்தால் இது இருந்திராது என்று மகன் சொன்னார். உண்மைதான்.

பதுளைக்கும் மறுபடி போய் வந்தார்கள். இந்தமுறை இறக்கம் தொடங்கும் முன்னரே இரண்டாம் கியர், பிரேக் விட்டுவிட்டுப் பிடித்தல். பெடல் மாறவில்லை. பிபிலையில் நிறுத்தி நாலு சில்லையும் கையால் தொட்டுப் பார்த்ததாகவும், இடமும் வலமும் ஒரே சூடாக இருந்ததாகவும் உரிமையாளர் தொலைபேசியில் சொன்னார்.

மாற்றிச் செய்ய வேண்டியவை

இதுபோல அடுத்த கார் வந்தால், கேள்விகளை எழுதியே கேட்போம்: பெடல் கெட்டியாக இறங்கியதா, பஞ்சாக இறங்கியதா, ஆறியதும் திரும்பியதா, எந்தப் பக்கம் இழுத்தது, ஒயில் எப்போது மாறியது. ஹோஸ் சோதனையும் ஒயிலின் நீர்ச் சோதனையும் எதையும் கழற்றுவதற்கு முன் நடக்க வேண்டும். கழற்றியபின் அந்தத் தடயம் இல்லை.

கார்ப்பெட், காலடிப் பாய் போன்றவற்றைக் காரை ஒப்படைக்கும் நாளில் வாயால் சொல்லாமல், பெடல் அசையும் அளவைக் குறித்த ஒரு தாளாகக் கொடுப்போம். இந்த நாட்டில் வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கத் தனியார் காருக்குப் பரிசோதனை என்று கேட்பது புகைப் பரிசோதனை மட்டும்தான். பிரேக்கை யாரும் பார்ப்பதில்லை. அறுபது வருடக் காரின் சொந்தக்காரர் தானே திகதி வைத்துக்கொண்டு பார்க்க வேண்டும், மாரி முடியும் மாதம் அதற்கு நல்லது.

டிஸ்க் வேண்டவே வேண்டாம் என்பது எங்கள் நிலைப்பாடல்ல. வாரந்தோறும் பதுளை, பண்டாரவளை என்று மலை ஏறி இறங்கும் மைனராக இருந்தால் நாங்களே டிஸ்க்கைச் சிபாரிசு செய்வோம். ஆனால் அந்தக் காருக்கென்று வடிவமைத்த பிராக்கெட், சரியான மறையுள்ள ஹோஸ், குறைந்த அழுத்த வால்வு, பூஸ்டர், பின் சில்லு முந்தி இறுகிச் சுழலாமல் நின்றுவிடாத சமநிலை, இவை எல்லாம் சேர்ந்த முழுச் செட்டாக வர வேண்டும்.

மகன் வாங்கிய பெட்டியில் கலிப்பரையும் டிஸ்க்கையும் அவை பொருந்தும் அதே வகை ஜப்பான் கார் வைத்திருந்த ஒருவருக்கு விற்றோம். பிராக்கெட் இரண்டையும் இன்னொருவர் கைக்குப் போகாதபடி வெட்டிப் பழைய இரும்புக்குப் போட்டோம்.